ஆற்றோடு திரும்பிய தமையனார்



ஆவடிக்கு அருகே முத்தாபுதுப்பேட்டை என்னும் ஊரில் நான் வசித்து வருகிறேன். விமானப் படையினர் வாழும் பகுதியாதலால், பாரதத்தின் பல திசைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே அண்டை அயலாராய் இருக்கின்றன. சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் தன் திருமண அழைப்பிதழோடு வந்தான். மணமகள் பஞ்சாபைச் சேர்ந்தவள். மணவிழா காவிரிக் கரையில். அழைப்பிதழை இரு மொழிகளிலும் அழகுற அச்சிட்டிருந்தான். முகத்தில் மட்டும் மலர்ச்சி இல்லை.

"ஐயா, பெரியப்பா வரமாட்டேன் என்கிறார். நாளையும் இடத்தையும் முடிவு செய்த பிறகுதானே எனக்குச் சொன்னீர்கள் என்று கோபம்" என்றான்.

அவனுக்கு நான் கூறிய செய்தியையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன். அது ஓர் ஆற்றங்கரை நகரத்துத் திருமணம். இரு வேறு மரபினரை ஒன்றுகூட்டிய திருமணம். அழைப்பில் பிழை நேர்ந்ததாக இன்றளவும் மக்கள் பேசிவரும் திருமணம்.

மதுரையில் சித்திரைத் திங்களில் மீனாட்சியம்மைக்கும் சொக்கநாதருக்கும் நிகழும் திருக்கல்யாணத்தை நீங்கள் அறிவீர்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையோடு வருகிறார். அவ்வூர்ப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார். நகரத்துப் பெண்கள் அன்று தத்தம் மங்கல நாணைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள்; மொய் எழுதுவோரும் உண்டு. இது சைவர் வீட்டுத் திருமணம்.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை இருக்கிறது. அங்குள்ள திருமாலை வழிபடுவோரில் கள்ளரும் இடையரும் மற்றும் பல உழுகுடி மக்களும் அடங்குவர். முற்காலத்தில் இவ்விரு கோயில் விழாக்களுக்கும் தொடர்பே இல்லை. அம்மையின் திருமணம் மாசியில் நடந்தது. அழகர் சித்திரையில் மலையிறங்கி, மதுரைக்கு மேற்கே வைகைக் கரையிலுள்ள தேனூருக்குச் சென்று வந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்கு வரச் செய்தார். அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்ந்திருக்கும் மாதம் அது என்பதும் ஒரு காரணமாகக் கூறப்படும்.

மன்னர் செயலால் மதுரை பெற்றது பெரிது. தேனூர் இழந்ததும் சிறிதன்று. தம் ஊருக்கு ஆண்டுதோறும் வந்த விருந்தினர் வேறிடம் போனால் அவ்வூரார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வண்டியூருக்கு அருகே வைகையில் நிற்கும் மண்டபத்திற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். அங்கே அழகர் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிக்கிறார். அவர் ஆற்றுக்கு வருவதற்குக் கோயில் மரபு கூறும் காரணம் இதுவே, திருமணமன்று.

மக்கள் கூறுவதோ வேறு. தங்கை திருமணத்திற்குச் சீரோடு புறப்பட்ட தமையனார் வழிநெடுக மண்டபங்களில் தங்கித் தங்கி வருகிறார். வைகையில் இறங்கும்போது, தாலி கட்டியாயிற்று என்ற செய்தி கிடைக்கிறது. 'நான் வருமுன்னரா?' என்று சினந்து, ஊருக்குள் நுழையாமலே வண்டியூர் சென்று, மலைக்குத் திரும்பிவிடுகிறார். வண்டியூரில் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்குகிறார் என்றும் ஒரு பேச்சு உண்டு. பேராசிரியர் தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' என்னும் தம் ஆய்வு நூலில் இத்தகைய நாட்டார் வழக்குகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வாய்ப்புள்ளோர் நூலகத்தில் தேடிப் படியுங்கள்.

கோயில் நூல்கள் சொல்லாத இக்கதையை மக்கள் ஏன் சொல்கிறார்கள்? எனக்குத் தோன்றுவது இது. இரண்டு விழாக்களை ஒரே மாதத்தில் வைக்க மன்னரின் ஆணை போதும். சைவரையும் வைணவரையும், நகரத்தாரையும் நாட்டுப்புறத்தாரையும் உறவினராக்க ஆணை போதாது. அதனை ஒரு குடும்பப் பிணக்கைக் கொண்டு மக்களே செய்துகொண்டார்கள். அயலான் ஒருவன் திருமணத்திற்குப் பிந்தி வந்தால் உண்டுவிட்டுப் போவான், கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொள்ள உரிமை வேண்டுமல்லவா?

அக்கோபத்தை மதுரை மக்கள் மூடி மறைக்கவும் இல்லை. கள்ளர் வேடம் பூண்டு வருபவரைத் தல்லாகுளத்தில் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வந்து சேர்கிறது. சித்திரை முழுமதி நாளில் தங்கக் குதிரைமீது அவர் ஆற்றில் இறங்கும்போது, தோல் துருத்திகளால் நீரைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டதன் பின், அவருக்கென்றே அணையிலிருந்து நீர் விடும் வழக்கமும் வந்தது. திருமணம் நடந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். இருப்பினும் அன்று கரையில் திரளும் கூட்டத்திற்கு ஈடில்லை. பெருந்தொற்றுக் காலமான 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அவர் வைகைக்கு வரவில்லை. திருக்கல்யாணம் மட்டும் பொதுமக்கள் இன்றிக் கோயிலுக்குள் நடந்தது. சினங்கொள்ளவும் ஒருவர் வராத அத்திருமணம் எத்துணை வெறுமையாக இருந்திருக்கும்!

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாணவன், "அப்படியானால் பெரியப்பாவின் கோபம் நல்லதா, ஐயா?" என்று வினவினான்.

"எதிர்சேவைக்கு யார் போவது என்று நீயே பார்த்துக்கொள்" என்றேன்.

அவன் பையில் அஞ்சல் தலை ஒட்டிய உறைகள் சில இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பிரித்து அழைப்பிதழை வெளியே எடுத்தான். பிறகு என் மனைவியிடம் சென்று, அதன் நான்கு மூலைகளிலும் தடவச் சிறிது மஞ்சள் வேண்டும் என்று கேட்டான்.