மியூனிக் நகரின் நடுவே மீண்டெழுந்த ஆலயம்



ஓரினத்தின் வழிபாட்டிடத்தை இடித்துத் தள்ளச் சில வாரங்கள் போதும். அதை மீண்டும் அதே நகரின் நடுவில் எழுப்ப எத்தனை காலம் வேண்டும்? ஜேர்மனியின் மியூனிக் நகரிலே 68 ஆண்டுகள் சென்றன!

1887 முதல் அங்கு ஓங்கி நின்ற யூதரின் ஜெபாலயம், ஹிட்லரின் கட்டளைப்படி 1938 ஜூனில் இடிக்கப்பட்டது. அந்நிலம் மோட்டார் வண்டிகளின் தரிப்பிடமாயிற்று. போரின் பின் எஞ்சியோர் ஒரு வீதியின் பின்முற்றத்திலே ஒதுங்கித் தொழுதனர். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் ஊரின் கண்ணுக்கு அவர்கள் தென்படவுமில்லை.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சமூகத் தலைவி சார்லோட்டே நொப்லோக் அம்மையார். சிறுமியாயிருந்தபோது ஒரு கமக்காரக் குடும்பம் மறைத்து வளர்த்தமையால் உயிர் தப்பியவர் அவர். நகர சபையும் பவேரிய அரசும் துணை நின்றன. 2003 நவம்பர் 9 அன்று நடக்கவிருந்த அடிக்கல் விழாவிலே குண்டு வைக்கச் சதி செய்த நாசி வெறியர் முன்னரே பிடிபட்டனர். விழா குறித்த நாளிலேயே நடந்தது.

2006 நவம்பர் 9 இல் 'யாக்கோபின் கூடாரம்' திறக்கப்பட்டது. அருகே பாடசாலை, அரங்கு, உணவுச்சாலை. நடுவிலே யாவரும் உலாவும் சதுக்கம். யூதரல்லாதாரும் அங்கு உண்ணலாம், விரிவுரை கேட்கலாம். நிலத்தடி வழியிலே, கொலையுண்ட 4,500க்கு மேற்பட்ட நகரத்தாரின் பெயர்கள். வாயிலிலே காவலும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

2023 இல் ஈசார் ஆற்றின் அணைக்கட்டைத் திருத்தியபோது பழைய ஆலயத்தின் கற்கள் வெளிவந்தன. 1956 இல் வெறுங்கற்களென அணைக்கு இட்டிருக்கிறார்கள்! அவற்றுள் ஒன்றிலே பத்துக் கட்டளைகளின் எழுத்துகள் இருந்தன.