எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதம்



அண்மையில் என் ஆய்வு மாணவி ஒருவர் தம் கட்டுரை வரைவைக் கொண்டுவந்து காட்டினார். லினக்ஸில் 'பெர்ஃப் ஸ்டாட்' ஓட்டி எடுத்த அளவீடுகள். கேஷ் மிஸ் இத்தனை, பிராஞ்ச் மிஸ் இத்தனை என்று வரிசையாக எண்கள். மூல வெளியீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் 33 சதவீதம் என்று இருந்தது. "இது எங்கேம்மா போச்சு?" என்றேன். "என்னன்னு புரியலை சார், அதனால எடுத்துட்டேன்" என்றார்.

அந்தக் குழந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் சொல்லித்தரவில்லை. இந்த நிகழ்வுகளை எண்ணச் சில்லுக்குள் இருக்கும் எண்ணிகள் மிகச் சில. பல இன்டெல் சில்லுகளில் இழை ஒன்றுக்கு, நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளக் கூடியவை நான்கே. பன்னிரண்டு நிகழ்வுகளைக் கேட்டால் கெர்னல் முறைவைத்து எண்ணும். எண்ணாமல் விட்ட நேரத்துக்கு விகிதக் கணக்குப் போட்டு நிரப்பும். 33 சதவீதம் என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எண்ணப்பட்டது, மீதி மதிப்பீடு. கருவி அதை மறைக்காமல் சொல்கிறது. அப்படிச் சொல்லவைக்க யாரோ உட்கார்ந்து நிரல் எழுதியிருக்கிறார்கள். இன்றும் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

2009க்கு முன்பு லினக்ஸில் இந்த எண்ணிகளைப் படிக்க பெர்ஃப்சிடிஆர், பெர்ஃப்மான்2 போன்றவை கெர்னலுக்கு வெளியே ஒட்டுகளாகக் கிடந்தன. கெர்னல் மாறும்போதெல்லாம் ஒட்டையும் மாற்றித் தைக்க வேண்டும். 2009இல் 2.6.31 பதிப்போடு அந்த வசதி கெர்னலுக்குள்ளேயே வந்தது. 'பெர்ஃப்' கருவியின் மூலநிரலும் அதே மரத்தில் இடம்பெற்றது. என் பார்வையில் இது மிகச் சரியான முடிவு. கருவியும் கெர்னலும் ஒரே வீட்டில் இருந்தால்தான் ஒன்று மாறுவது மற்றதற்குத் தெரியும். அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஓப்ரொஃபைல் என்ற அளவீட்டுக் கருவியின் கெர்னல் பகுதியை 2021இல் 5.12 பதிப்பில் நீக்கினார்கள். பயனில்லாததை எடுத்துவிடுவதும் பராமரிப்புதான்.

இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று. பெர்ஃப் வசதியின் கெர்னல் நிரலில், 64 பிட் எண் ஒன்றை 'இன்ட்' என்ற சிறிய மாறியில் வாங்கியிருந்தார்கள். எதிர்மறை எண் வந்தால் தடுக்கச் சோதனை இல்லை. சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. கெர்னல் அழைப்புகளுக்குத் தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பார்க்கும் டிரினிட்டி என்ற சோதனைக் கருவி மூலம் 2013இல் அது அகப்பட்டது. திருத்தம் என்ன தெரியுமா? அந்த வரியில் 'இன்ட்' என்ற ஒரு சொல்லை மாற்றியதுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொறுமைக்கு நம் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம்.

எந்தக் குறியெண் எந்த நிகழ்வைக் குறிக்கும் என்று கருவிக்குச் சொல்லும் நிகழ்வு அட்டவணைகளும் அப்படித்தான். ஒரு தலைமுறைச் சில்லில் ஒரு பொருள் தரும் குறியெண், அடுத்த தலைமுறையில் வேறொன்றைக் குறிக்கலாம். அட்டவணை பழையதாக இருந்தால் கருவி நின்றுவிடாது. தவறான எண்ணைத் தயங்காமல் தரும். ரிஸ்க்-வி கட்டமைப்பில் 29 கூடுதல் எண்ணிகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவை எதை எண்ண வேண்டும் என்பதைச் சில்லு வடிவமைப்பவரிடமே விட்டுவிட்டார்கள். சென்னை ஐஐடியில் உருவாகும் சக்தி சில்லுகளும் ரிஸ்க்-வி குடும்பம்தான். நாமே வடிக்கும் சில்லுக்கு அட்டவணையை வேறு யார் வந்து எழுதித்தருவார்கள்?

ஆகவே, துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒருவர் பெர்ஃப் அட்டவணையில் ஒரு பிழையைத் திருத்தி அது ஏற்கப்பட்டால், அதை ஆய்வுப் பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் இன்னொன்று: அளவீட்டைச் சொல்லும்போது சில்லின் பெயரையும், கெர்னல் பதிப்பையும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சதவீதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். இந்த வேண்டுகோளோடு மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.