வன்னி வாலிபரும் பொலிஸ் உத்தியோகமும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பொலிஸில் சேர விரும்பும் வாலிபர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டபோதே, முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலருடைய முகம் எப்படி மாறும் என்று நாம் நினைத்துப் பார்த்தோம். இப்பொழுது அப்படியே மாறியிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லை என்று சாதிக்க நாம் இங்கு வரவில்லை.

எமது அயலில் ஒரு கைம்பெண் தாய் இருக்கிறார். அவருடைய தோட்டக் கிணற்றடியில் நின்ற இறைப்பு மெசினை ஓர் இரவில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முறைப்பாடு செய்வதற்குத் துணையாக நாமும் போனோம். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டியதில்லை. இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகக் கதிரை தந்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எமது அரைகுறைச் சிங்களத்தில் நாம் சொல்ல அவர் எழுதினார். தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் அந்தத் தாய் கையொப்பமிட்டார். மூன்று மாதங்களின் பின் மெசின் ஒருவரிடம் அகப்பட்டது. "வீதியோரம் கிடந்தது, எடுத்தேன்" என்றார் அவர். புத்தகத்தைப் புரட்டினால், "களவு போயிற்று" என்று இருக்கவேண்டிய இடத்தில் "காணாமற் போயிற்று" என்று இருந்தது! பிழை உத்தியோகத்தருடையது மாத்திரமன்று, எமது சிங்களத்தினுடையதுந்தான்.

சட்டம் இதற்கு வழி வைக்கவில்லையா? வைத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாயாற் சொல்லப்படும் முறைப்பாடு சொல்லப்படும் மொழியிலேயே எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். அது இயலாதவிடத்து அவரையே தம் மொழியில் எழுதித் தரும்படி கேட்கவேண்டும். எழுதத் தெரிந்த நாம் பக்கத்திலேயே நின்றோம், சட்டந்தான் தெரியவில்லை. அன்றியும், அரசியலமைப்பின்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். தமிழிற் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, மன்றுக்குப் போகும்போது மறுபடியும் தமிழாகிறது. ஒரே ஆற்றை இருமுறை கடக்கும் மூட்டையில் ஏதாவது நனையாமலா இருக்கும்? பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழியும் தெரிந்தவர் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. அந்த இருமொழியாளர் வானத்திலிருந்து இறங்கி வருவாரா? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்துதான் போகவேண்டும்.

பெரியோருக்கு ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் வாயிலைத் தமிழருக்கு ஒடுக்கியதும், பின்னர் போர் அதை ஏறக்குறைய அடைத்ததும் நீங்கள் கண்ணாற் கண்டவை. 2009 வரை கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் காவல்துறைத் தலைமையகம் இருந்ததையும், பிறகு இந்தச் சீருடை வந்ததையும் எம்மிலும் நீங்களே நன்கு அறிவீர்கள். ஆனால் 1982 முதல் 1985 வரை இந்த நாட்டின் பொலிஸ் மா அதிபராக ருத்ரா இராஜசிங்கம் என்ற தமிழர் இருந்தார் என்பதை எம் வயதினரிற் பலர் கேட்டதே இல்லை. பிள்ளை பொலிஸுக்குப் போகிறான் என்றால் அவனைக் கைவிட்டுவிடாதீர்கள். அடித்து வாக்குமூலம் வாங்குகிறவனாக அவன் மாறினால், அப்பொழுது கைவிடுங்கள்.

நிற்க. ஆயத்தம் என்றவுடன் நண்பர்கள் ஓட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எமது உடற்பயிற்சி ஆசிரியர் விடியற்காலையில் எங்களை ஓடவிட்ட காலத்தில் நாமும் அப்படியே நினைத்தோம். ஓட்டம் வேண்டியதுதான், இரணைமடு அணைக்கட்டு இருக்க அதற்கு வேறு மைதானம் எதற்கு? உயரம், மார்பளவு, வயது, சாதாரணதரச் சித்தி ஆகியவற்றை அந்தந்த முறை வரும் வர்த்தமானியிற் பாருங்கள். சந்தியில் நிற்பவர் சொல்வதை நம்பவேண்டாம். எம்மவரை மறிப்பது பெரும்பாலும் கடதாசிதான். இடப்பெயர்விற் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் எத்தனை பேர்! அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் வேறோர் எழுத்து என்று இரண்டு பெயரோடு திரிபவர் எத்தனை பேர்! வர்த்தமானி வந்தபின் கச்சேரிக்கு ஓடினால் முடிவுத் திகதி முந்திவிடும். இன்றே திருத்துங்கள்.

அடுத்தது சிங்களம். தமிழ்ப் பொலிஸ்காரனுக்குச் சிங்களம் எதற்கு என்று கேட்கிறார்கள். மேலதிகாரியிடம் போகும் கோவை அந்த மொழியில் இருக்கும். அதை வாசிக்கத் தெரியாதவன் நிலையத்திலும் மொழிபெயர்ப்புக்குக் கையேந்தி நிற்பான். ஆனால் இதிலும் பெரிது, தமிழில் ஒரு முறைப்பாட்டைச் சொன்னபடியே எழுதும் பழக்கம். எழுதிப் பாருங்கள், இலகுவன்று. ஒரு மூதாட்டி அழுதுகொண்டு முன்னும் பின்னுமாகச் சொல்வதை நாளும் நேரமும் இடமும் பிசகாமல், அவருடைய சொல்லை எமது சொல்லாக்காமல் எழுதவேண்டும்.

சகோதரிகளும் இதைக் கேளுங்கள். ஆண் உத்தியோகத்தர் முன் வாய் திறக்காமலே திரும்பி வரும் பெண்கள் எமது கிராமங்களில் எத்தனையோ பேர். தமிழ் பேசும் ஒரு பெண் அந்த மேசையில் இருந்தால் அவர்கள் சொல்வார்கள்.

ஆகையால் வருகிற சனிக்கிழமை மாலை தொடக்கம் சங்க மண்டபத்திற் சிங்கள வகுப்பும், முறைப்பாடு எழுதும் பயிற்சியும் நடத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கற்பிக்க உடன்பட்டிருக்கிறார். மெசின் பறிகொடுத்த அந்தத் தாய், தம் கதையை மறுபடியும் சொல்ல முதல் நாளே வருவதாகக் கூறியிருக்கிறார். ஒரு கரும்பலகை மாத்திரம் குறைகிறது. தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் சொல்லுங்கள்.