வானத்தை ஆராய்ந்தவரும் கிராமப் பள்ளியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் அறிஞரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தார்கள். நம்மில் பலர் கேட்டிராத ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவர் ருமேனிய நாட்டுக் கணிதப் பேரறிஞர் ஸ்பிரு ஹாரெத். கற்றவர் தம் கல்வியைக் கொண்டு என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடை தருகின்றது.

ஹாரெத் 1851-ஆம் ஆண்டில் மல்தேவியாவின் தலைநகராகிய யாஷ் நகரில் பிறந்தார். ருமேனியா என்னும் நாடே அப்போது உருவாகவில்லை. புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், உதவித்தொகை பெற்றுப் பாரிசு மாநகர் சென்றார். 1878 சனவரியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிசில் அப்பட்டம் பெற்ற முதல் ருமேனியர் அவரே.

அவர் ஆராய்ந்த பொருள் யாது? கோள்கள் கதிரவனை நீள்வட்டப் பாதையில் சுற்றி வருகின்றன. ஆயினும், அவை ஒன்றையொன்றும் சிறிது ஈர்க்கின்றன. அதனால் பாதையின் நெட்டச்சு காலப்போக்கில் நீளுமா, குறுகுமா? நீண்டுகொண்டே போனால் நம் பூமி கதிரவனை விட்டு விலகிக் குளிரும். குறுகினால் நெருங்கி வெந்துபோகும். இதனை ஒரே மூச்சில் கணக்கிட இயலாது; படிப்படியாகத் திருத்திக்கொண்டே செல்ல வேண்டும். முதற்படிக் கணக்கில், நெட்டச்சு சற்றே கூடிக் குறையுமேயன்றி ஒரே திசையில் மாறிச் செல்லாது என்று லாப்லாசும் லாக்ராஞ்சும் காட்டினர். இரண்டாம் படியிலும் அவ்வாறே என்றார் புவாசோன். அறிஞருலகம் ஆறுதல் கொண்டது. இருபத்தேழு வயது நிரம்பாத ஹாரெத் மூன்றாம் படியைக் கணக்கிட்டார். அங்கே, காலத்தோடு வளர்ந்துகொண்டே செல்லும் சிறு உறுப்புகள் தோன்றக் கண்டார்.

கோள்கள் சிதறிவிடும் என்று அவர் கூறினாரல்லர். அவை நிலைத்திருக்கும் என்பதற்கு அதுவரை காட்டிய சான்று போதாது என்றே நிறுவினார். பின்னர் பொன்காரே அதே வினாவை இன்னும் ஆழமாக ஆராய்ந்தார். 2009-இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் கணிப்பொறியின் துணைகொண்டு கணக்கிட்டனர். இனிவரும் 500 கோடி ஆண்டுகளில் புதனின் பாதை பெரிதும் சீர்குலைவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1 என்ற அளவில் வாய்ப்புண்டு என்று கண்டனர். வினா இத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கின்றது!

இத்துணைத் திறம் படைத்த இளைஞர் தாய்நாடு திரும்பினார். 1878 முதல் 1910 வரை புக்காரெஸ்டில் இயந்திரவியல் கற்பித்தார். அதனோடு நில்லாமல், பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகவும் பணியாற்றினார். அன்றைய ருமேனியாவில் நூற்றுக்கு 75-க்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர். நிலம் பெருநிலக்கிழார் கையில்; உழவர் கடனில். 1897-க்கும் 1910-க்கும் இடையே ஹாரெத் மும்முறை கல்வியமைச்சரானார். 1898-இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியைச் சட்டத்தால் சீர்படுத்தினார். கிராமங்களில் பள்ளிகளைப் பெருக்கினார். முதியோர் வகுப்புகளும் நூலகங்களும் வளரச் செய்தார். வட்டிக் கொடுமையிலிருந்து உழவரைக் காக்க மக்கள் வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஊர்தோறும் எழ உதவினார். இவற்றை முன்னின்று நடத்தும் பொறுப்பைக் கிராம ஆசிரியர்களிடம் ஒப்படைத்தார்.

இதற்கு எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1907-இல் உழவர் கிளர்ச்சி மூண்டது. ஆசிரியர்களைத் தூண்டிவிட்டவர் ஹாரெத்தே என்று நிலக்கிழார் சிலர் பழி சுமத்தினர். அவர் பணியை விட்டாரில்லை. 1912-இல், அவர் மறைந்த ஆண்டில், எழுத்தறியாதோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 60 ஆகக் குறைந்திருந்தது. குறை நிரம்பிவிடவில்லை; ஆயினும் திசை மாறிவிட்டது.

கணிதம் ஒரு மேதையை இழந்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் பொருளற்றதன்று. 1910-இல் வெளியிட்ட 'சமுதாய இயந்திரவியல்' என்னும் நூல் தவிர, அவர் பின்னாளில் பெரிய ஆராய்ச்சி எதனையும் நிறைவேற்றவில்லை. சமுதாயத்தைக் கணிதச் சமன்பாடுகளுக்குள் அடக்க முயன்ற அந்நூலின் முடிவுகளை எல்லாரும் ஏற்றாருமில்லர். ஆனால் அவர் திறந்த வழியில், 1899-இல் திசெய்க்காவும் 1905-இல் பொம்பெயுவும் பாரிசில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினர்; ருமேனியாவில் கணிதம் தழைத்தது. சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு ஹாரெத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அது வானியலாரின் நன்றி. கிராமத்தாரின் நன்றியோ அவர்தம் பிள்ளைகள் கையெழுத்திட்ட ஏடுகளில் உள்ளது.

அன்பர்களே! மிகச் சிறியதெனத் தள்ளப்பட்டது காலத்தோடு சேர்ந்து வளரும் என்பதே அவர் வானில் கண்ட உண்மை. மண்ணிலும் அதனையே நம்பி உழைத்தார். நாமும் கல்வியின் துணையால் ஊர் விட்டு வந்து இங்கே வாழ்கின்றோம். நம் குடியிருப்பில் பால் கொண்டு வருவோர், துணி தேய்ப்போர், வீட்டுப் பணி செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் நம் வாசலில் நிற்கின்றனர். வாரத்தில் ஒரு மாலை, அவர்களுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லித்தர நம் இளைஞர் முன்வருவார்களாயின், அதுவே இப்பேச்சுக்கு நீங்கள் அளிக்கும் கைத்தட்டல் ஆகும். சிறு தொடக்கந்தான்; காலம் அதனைப் பெருக்கும்.