வேலியிலிருந்து 100 மீட்டர்

மாமல்லபுரம் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கடற்கரைக் கோயிலை அல்ல. ரசீதுக் கட்டோடு வண்டியை மறிக்கும் பையனை. "அண்ணே, வண்டிக்குச் சீட்டு!" வசூல் உரிமையை உள்ளாட்சி ஏலம் விடுகிறது, எடுத்தவர் ஆள் வைத்து வசூலிக்கிறார். முணுமுணுத்தபடியே கொடுக்கிறோம். கொடுக்கும்போது சீட்டில் அச்சிட்ட தொகையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் முணுமுணுப்பு ஒரு நாளோடு சரி. உள்ளூர்க்காரருக்கு அப்படியில்லை, வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப ஆசைப்பட்டால் போதும். 2010-இல் திருத்திய சட்டப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டரில் கட்டலாம். ஆனால் தேசிய நினைவுச்சின்ன ஆணையம் தலையசைக்க வேண்டும். அளவை நாடாவைக் கோயில் சுவரில் வைத்துப் பிடிப்பதில்லை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து பிடிக்கிறார்கள்.

ஒற்றைக் கோயில் ஊரென்றால் ஒரு வட்டத்தோடு போயிற்று. இங்கே அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், குகைக் கோயில்கள் என்று திரும்பிய பக்கமெல்லாம் பல்லவர் உளி பட்ட பாறை. வட்டத்தின் மேல் வட்டம். கிழக்கே நகர்ந்தாலோ கடற்கரை ஒழுங்குமுறை விதி காத்திருக்கிறது.

பழைய வீட்டைப் பழுது பார்க்கத் தடையில்லை. அதற்கும் முன் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மழைக்கு ஒழுகும் கூரையைச் சரிசெய்ய நினைப்பவர், கொத்தனாரைத் தேடும் முன் மனு எழுத உட்காருகிறார்.