கிளினிக் போனால் பேர் இல்லையா?
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் அங்கே போய் வர அன்றைய பேரை இழக்கிறோம். ஆட்டோவுக்கும் காசு கொடுக்கிறோம். அதனால்தான் பிரஷர், சீனி வருத்தம் உள்ள நம் அம்மாமார் கிளினிக்கைத் தள்ளிப்போட்டுவிட்டு, தலைசுற்றலோடு மலையேறிக் கொழுந்தெடுக்கிறார்கள். போய் வந்தவர்களோ மருந்துத் துண்டைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து, "இது காலையிலயா, ராவைக்கா சேர்?" என்று கேட்கிறார்கள்.

தோட்டத்தில் வைத்திய வசதி துரைமார் போடும் பிச்சையல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே அதை நிர்வாகத்தின் கடமையாக்கியது.

நாம் கேட்பது மூன்று. மாதம் ஒருமுறையாவது அரசாங்க டாக்டர் நமது டிஸ்பென்சரிக்கு வந்து, வேலை விட்ட பிறகு கிளினிக் நடத்த வேண்டும். வெளியே கிளினிக் போனவர் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் கிடைக்க வேண்டும். மருந்துத் துண்டில் தமிழும் இருக்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான்.

இந்த மாதம் கிளினிக் தவறியவர்கள் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ பெயர் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு துரையிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போவோம். வெறுங்கையோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்புவோம்.