புகையான்: தெரிந்தால் மட்டும் போதுமா?



நெல்லில் புகையான் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "மருந்து அடிக்கணும், தெரியுமுங்க" என்று பதில் சட்டென்று வரும். இது தெரிஞ்ச சங்கதி. "தண்ணியை வடிச்சிட்டு, அடித்தண்டிலே படற மாதிரி அடிக்கணும்" என்பவருக்கு, சொன்னது விளங்கியிருக்கிறது. ஏன் வடிக்கணும், இப்போ அடிக்கத்தான் வேணுமா என்று யோசிக்கிறாரே, அவருக்குத்தான் புகையான் புரிந்திருக்கிறது.

இந்தப் பூச்சி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும். வரப்பிலே நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேலென்றுதான் தெரியும். வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகு பார்த்து என்ன பிரயோசனம்? வயலில் இறங்கி, குத்தை விரித்துப் பாருங்கள்.

முட்டையை அது இலையுறைக்குள்ளே செருகி வைக்கிறது. தெளிக்கிற மருந்துக்கு முட்டை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பூச்சியைப் பிடிக்கும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரித்து வரும்போது, அதைத் தின்ன வயலில் ஆளில்லை! செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்த வயலில் புகையான் முன்னைவிடப் பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடன் வாங்கி மருந்து அடித்து, பூச்சியை நாமே வளர்க்கிற கதைதான்.

இந்தோனேசியாவில் இந்தப் பூச்சிக்காகவே, 1986-ல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று அரசாங்கம் தடுத்தது. பிறகு 1989 முதல் வயல்வெளிப் பள்ளி நடத்தி, விவசாயிகளே வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பழகினார்கள்.

நம் கணக்கு இதுதான். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி வந்தாலே மருந்தைப் பற்றி யோசிக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று உங்களுக்கே இப்போது சொல்ல வரும்.

நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விடச் சொல்வதும் வெயிலும் காற்றும் அடித்தண்டுக்கு எட்டத்தான். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் கொழுத்து அடர்ந்துபோகும், புகையானுக்குக் கொண்டாட்டம். பிரித்துப் போடுங்கள்.

நாளைக் காலையில் மருந்துக் கடைக்குக் கிளம்புமுன், வயலின் நடுவில் அங்கங்கே பத்துக் குத்தைப் பார்த்து, பூச்சியையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.